உஷார்! ஏஐ ஏஜென்ட் கையில் இன்ஸ்டால் சாவி

2025 ஆகஸ்ட் 27 அதிகாலை. என்பிஎம் என்ற மென்பொருள் கிடங்கில் 'என்எக்ஸ்' என்ற பேக்கேஜின் புதிய பதிப்புகள் வந்து விழுந்தன. வாரத்துக்கு 40 லட்சம் முறைக்கு மேல் டெவலப்பர்கள் இறக்கிக்கொள்ளும் பேக்கேஜ் அது. ஆனால் அன்று வந்த பதிப்புகளை வெளியிட்டது அதன் சொந்தக்காரர்கள் இல்லை, அவர்களுடைய டோக்கனை, அதாவது கணக்குக்குள் நுழையும் டிஜிட்டல் சாவியை, திருடியவர்கள். சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். அதற்குள், டெவலப்பர்கள் கோடைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் டோக்கன்கள் ஆயிரத்துக்கும் மேல் பறிபோயிருந்தன.

என்ன நடந்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். பேக்கேஜ் இறங்கி முடிந்ததும் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் அதற்குள் இருந்தது. பெயர் 'டெலிமெட்ரி'. யாரும் சந்தேகப்படாத பெயர். அந்தக் கணினியில் கிளாட், ஜெமினி, அமேசான் க்யூ போன்ற ஏஐ கருவிகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடியது. இருந்தால், 'எதற்கும் அனுமதி கேட்காதே' என்ற ஆப்ஷனோடு அந்தக் கருவியைக் கிளப்பிவிட்டது. 'இந்தக் கணினியில் கிரிப்டோ வாலட், சாவிக் கோப்பு, பாஸ்வேர்டு கோப்பு எங்கெங்கே இருக்கிறது, பட்டியல் எடு' என்று அதற்கே வேலை வைத்தது. கிடைத்ததையெல்லாம் பாதிக்கப்பட்டவரின் சொந்த கிட்ஹப் கணக்கிலேயே, ஊர் உலகம் பார்க்கிற மாதிரி, ஒரு பொதுக் களஞ்சியம் திறந்து ஏற்றியது. போகிறபோக்கில், அடுத்த முறை டெர்மினலைத் திறந்தால் கணினி அணைந்துபோகிற மாதிரி ஒரு வரியையும் எழுதிவைத்துவிட்டுப் போனது. நம் வேலைக்கென்று நாம் வைத்திருந்த உதவியாளனே நம் வீட்டைத் துழாவிக் கொடுத்திருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்தது.

இதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி வேறொன்று. பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அன்று எதையும் இன்ஸ்டால் செய்யவே இல்லை. விஎஸ் கோடு எடிட்டரில் என்எக்ஸ் கன்சோல் என்ற எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எடிட்டரைத் திறந்ததும், புதிய பதிப்பு என்ன என்று பார்ப்பதற்காக அந்த எக்ஸ்டென்ஷன் தானாகவே என்எக்ஸை இறக்கியது. விஷமும் கூடவே இறங்கியது. ஒரு எக்ஸ்டென்ஷன் தன் இஷ்டத்துக்கு இறக்கியதற்கே இந்தக் கதி. இன்று நாம் ஏஐ ஏஜென்டுகளுக்கு நாளெல்லாம் எதை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சேர்வராயன் மலையில் இருக்கும் நம் ஏற்காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மலையேறி வந்து வாரக்கணக்கில் தங்கி, லேப்டாப்பில் கம்பெனி வேலை பார்க்கிறவர்கள் இப்போது சகஜம். அவர்களின் லேப்டாப்பில் கம்பெனியின் கிளவுட் சாவி இருக்கும், வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும். அடிவாரத்தில் சேலம். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்கா, சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள், வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கும் இளைஞர்கள். சேர்வராயன் மலையில் இருக்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் முன்பதிவு சைட் வேண்டுமென்றால் போவது இவர்களிடம்தான். மே மாதம் கோடை விழா நெருங்கும்போது அவசரமும் கூடும். ஏஜென்டை விட்டால் ஒரே நாளில் சைட் தயார். அந்த சைட்டில் தங்கவருகிறவரின் பெயர், போன் நம்பர், ஆதார் நகல், பணம் கட்டிய விவரம் எல்லாம் வந்து சேரும். அதற்குள் எத்தனை பேக்கேஜ் இருக்கிறது என்று செய்தவருக்கும் தெரியாது, செய்யச் சொன்னவருக்கும் தெரியாது.

ஏஜென்ட் வேலை பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 'அறை முன்பதிவு பாரத்தில் பிடிஎஃப் ரசீது வர வேண்டும்' என்று சொன்னால் போதும். அது ஒரு பேக்கேஜ் பெயரைச் சொல்லி, இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்கும். கீழே சில வாய்ப்புகள் வரும்: 'சரி', 'சரி, இனிமேல் இதைக் கேட்காதே', 'வேண்டாம்'. முதல் சில தடவை நாம் படித்துப் பார்த்து 'சரி' அழுத்துவோம். அப்புறம் சலிப்பு வரும். 'இனிமேல் கேட்காதே' அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவோம். அதன் பிறகு ஒரு பேக்கேஜ் பொருந்தவில்லை, எர்ரர் வருகிறது என்றால் ஏஜென்ட் நம்மைக் கூப்பிடாது. இன்னொரு பெயரை முயலும். அதுவும் சரிவரவில்லையா, மூன்றாவது. எர்ரர் போக வேண்டும் என்பதுதான் அதற்கு இட்ட வேலை. அந்தப் பேக்கேஜை எழுதியது யார், எப்போது போட்டார்கள் என்று விசாரிக்கச் சொல்லி நாம் வேலை வைக்கவே இல்லை.

பலர் மனதில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: 'இறக்கினால் என்ன, ஓடவிட்டால்தானே ஆபத்து?' இல்லை. இன்ஸ்டால் செய்வதே ஓடவிடுவதுதான். என்பிஎம் பேக்கேஜுக்குள் இன்ஸ்டாலுக்கு முன்னும் பின்னும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களை வைக்க இடம் உண்டு. பைத்தானிலும் மூலக்கோடாக வரும் பேக்கேஜ்கள் நிறுவும்போதே தங்கள் கோடை ஓடவிடும். அந்தக் கோடு யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது? உங்களுடைய அதிகாரத்தில். உங்களால் எந்தக் கோப்பைத் திறக்க முடியுமோ அதை எல்லாம் அதுவும் திறக்கும்.

சரி, பிரபலமான பேக்கேஜ் பெயரைத்தானே ஏஐ சொல்லும் என்று நம்புகிறீர்களா? இதற்கென்றே அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக சான் அன்டோனியோ வளாகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு இரண்டு பல்கலைக்கழகத்தாரும் ஓர் ஆய்வு செய்தார்கள். 16 ஏஐ மாடல்களிடம் 5.76 லட்சம் கோடு மாதிரிகளை எழுதி வாங்கினார்கள். அவை சொன்ன பேக்கேஜ்களில் 19.7 சதவீதம் உலகத்திலேயே இல்லாதவை! தனித்தனிப் பெயராக எண்ணினால் 2,05,474 கற்பனைப் பெயர்கள். காசு கொடுத்து வாங்கும் மாடல்கள் பரவாயில்லை, சுமார் 5 சதவீதம். இலவசமாகக் கிடைக்கும் திறந்த மாடல்கள் 21 சதவீதத்துக்கும் மேல். அதன் பிறகு மாடல்கள் தேறியிருக்கின்றன, உண்மை. ஆனால் அந்த ஆய்வில் என்னை உலுக்கியது சதவீதம் இல்லை. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டபோது, கற்பனைப் பெயர்களில் 43 சதவீதம் பத்துத் தடவையும் அச்சு அசலாகத் திரும்ப வந்தன. அதாவது ஏஐ எந்தப் பொய்ப் பெயரைச் சொல்லும் என்று திருடனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியும். அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜைப் பதிந்துவைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். இந்த வேலைக்கு 'ஸ்லாப்ஸ்குவாட்டிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நடக்கிற காரியமா என்று பார்க்க, பார் லன்யாடோ என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஏஐ அடிக்கடி சொல்லும் ஒரு பொய்ப் பெயர் 'ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ'. அந்தப் பெயரில் வெறும் காலி பேக்கேஜ் ஒன்றைப் பதிந்தார். மூன்று மாதத்தில் 30,000 தடவைக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். அலிபாபாவின் ஒரு திட்டத்தின் ரீட்மீ கோப்பிலேயே அந்தப் பெயரைப் போட்டு, இதை இன்ஸ்டால் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர் நல்லவர், உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

தமிழில் கோடு எழுதுகிறவர்கள் இங்கே இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் மொழிக்கென்று இருக்கும் லைப்ரரிகள் குறைவு. ஓப்பன்-தமிழ் போல நம்பிக்கையானவை ஒரு சில. ஆங்கிலத்தில் ஒரு வேலைக்கு நூறு லைப்ரரி இருப்பதால் ஏஐக்குச் சரியான பெயர் பழகியிருக்கும். தமிழ் எழுத்தைப் பிரி, தமிழ்த் தேதியை மாற்று, தமிழில் ரசீது அச்சிடு என்று கேட்டால் அதற்குப் பழக்கம் குறைவு. அங்கேதான் கேட்க நன்றாக இருக்கும் ஒரு பெயரை அடித்துவிடும். நமக்கும் 'தமிழ்' என்ற சொல் பெயரில் இருந்தால் உடனே நம்பத் தோன்றும்.

பொய்ப் பெயர் ஒரு வழி. நல்ல பெயரே கெட்டுப்போவது இன்னொரு வழி, அதுதான் இன்னும் பயங்கரம். 2025 செப்டம்பர் 8 அன்று ஒரு பேக்கேஜ் பராமரிப்பாளருக்கு 'என்பிஎம் உதவி' என்ற தோரணையில் போலி மின்னஞ்சல் வந்தது. அவர் ஏமாந்த அந்த ஒரு கணத்தில் சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் விஷம் ஏறியது. வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறக்கப்படும் பேக்கேஜ்கள் அவை. அந்த வாரம் கழிந்து அடுத்த வாரமே 'ஷாய்-ஹுலுட்' என்ற புழு கிளம்பியது. ஒரு டெவலப்பரின் கணினியில் புகுந்து டோக்கனைத் திருடும். அந்த டோக்கனை வைத்து அவருடைய மற்ற பேக்கேஜ்களிலும் தன்னை ஏற்றிக்கொள்ளும். அவற்றை இறக்குகிறவர்களிடம் தொற்றும். மனிதக் கை படாமலே பரவியது. 500க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் கெட்டதாக அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா எச்சரிக்கை விட்டது. நவம்பர் 24 அன்று இரண்டாம் அலை. இந்தத் தடவை இன்ஸ்டால் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அதற்கு முன்பே ஓடியது. திருட எதுவும் கிடைக்காத கணினியில் பயனரின் கோப்புகளையே அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. 25,000க்கும் மேற்பட்ட கிட்ஹப் களஞ்சியங்களில் திருட்டுச் சரக்கு வந்து விழுந்தது.

காப்பித் தோட்டக்காரர்களுக்கு இந்த ரகப் பகையை விளக்கத் தேவையில்லை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த மலை இது. காப்பிக் காய்த்துளைப்பான் வண்டு இந்தியாவில் முதன்முதலாக 1990இல் கூடலூர்ப் பக்கம் கண்டறியப்பட்டது. 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. காயின் நுனியில் ஊசித் துளை போட்டு உள்ளே போய், கொட்டைக்குள்ளேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். வெளியே பார்த்தால் பழம் நல்ல பழம்தான். அது ஊர்விட்டு ஊர் போனதில் பெரிய பங்கு மூட்டைக்கும் சாக்குக்கும் உண்டு. அதனால்தான் விவரமான தோட்டக்காரர் வெளியூர்ச் சாக்கை உள்ளே விடுமுன் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பேக்கேஜ் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கத்தை நாம் ஏற்படுத்திக்கொள்ளவே இல்லை. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் ஏஜென்ட் வந்த பிறகு விட்டுவிட்டோம்.

விடுதி நடத்துகிறவர்களுக்கு நேராகப் பொருந்தும் சம்பவம் ஒன்று உண்டு. ஏஐ ஏஜென்ட் மின்னஞ்சல் அனுப்புவதற்கென்று 'போஸ்ட்மார்க்-எம்சிபி' என்ற பெயரில் என்பிஎம்மில் ஒரு பேக்கேஜ் இருந்தது. 15 பதிப்புகள் ஒழுங்காக வேலை செய்தன. 1.0.16 பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்ந்தது. அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலும் யாருக்கும் தெரியாமல் இன்னொரு முகவரிக்கும் போகும். 2025 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. முன்பதிவு உறுதிக் கடிதம், அறை எண், வருகிற தேதி, கட்டிய பணம் என எல்லாம் இப்படிப் போனால், அந்தத் தேதியில் அந்தக் குடும்பத்தின் வீடு பூட்டியிருக்கும் என்பதும் சேர்ந்தே போகிறது.

இந்தியாவில் இதெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் 2024 ஜூலை 31ஐ நினைவுபடுத்துங்கள். சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் சிறிய வங்கிகளுக்கு மென்பொருள் சேவை தருகிறது. அதன் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்ததால் தேசியப் பணப் பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐயும் ஏடிஎம்மும் நின்றுபோயின. தாக்குதல் தொடங்கிய இடம் வங்கியும் இல்லை, சி-எட்ஜும் இல்லை. அதனோடு தொடர்புடைய இன்னொரு நிறுவனத்தில் சரியாகப் பூட்டப்படாமல் கிடந்த, மென்பொருளைத் தொகுக்கும் ஒரு ஜென்கின்ஸ் சர்வர் என்று பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் கண்டறிந்து சொன்னது. ஏஜென்ட் செய்த தவறு இல்லை இது. ஆனால் நாம் பெயர்கூடக் கேள்விப்படாத எவரோ விட்ட ஓட்டை நம் பணத்தை எப்படி நிறுத்தும் என்பதற்கு நம் ஊர் சாட்சி. மென்பொருள் செய்கிற கணினியும் அதைத் தொகுக்கிற சர்வரும்தான் திருடர்கள் இன்று முதலில் தேடும் வாசல். ஏஜென்டை நாம் உட்கார வைப்பதும் அதே வாசலில்தான்.

இனி என்ன செய்வது?

முதலில், ஏஜென்டைத் தனி அறையில் பூட்டுங்கள். டாக்கர் கன்டெய்னரோ, விர்ச்சுவல் மெஷினோ, எதுவாக இருந்தாலும் சரி. அதற்குள் அந்த ஒரு வேலைக்கான கோப்புகள் மட்டும் இருக்கட்டும். கிளவுட் சாவி, எஸ்எஸ்எச் சாவி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, வங்கி லாகின் எதுவும் அங்கே கண்ணில் படக் கூடாது. நான் இந்த ஒன்றைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். மற்ற எல்லாப் பாதுகாப்பும் ஒரு நாள் தவறும். தவறும் நாளில் திருடனுக்குக் கிடைப்பது காலி அறையாக இருக்க வேண்டும்.

அடுத்து, புதுச் சரக்குக்கு அவசரப்படாதீர்கள். என்எக்ஸ், சாக் பேக்கேஜ்களின் கெட்ட பதிப்புகள் சில மணி நேரத்தில் பிடிபட்டவை. வெளியாகி ஒரு வாரம் ஆகாத பதிப்பைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தவர்களை அவை அண்டவே இல்லை. பிஎன்பிஎம் கருவியில் 2025 செப்டம்பரில் வந்த 10.16 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது. பைத்தானுக்கான யுவி கருவியிலும், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வந்ததை ஒதுக்கும் வசதி உண்டு. பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்த அவசரப் பதிப்பு என்றால் மட்டும் நீங்களே படித்துப் பார்த்து விதிவிலக்குக் கொடுங்கள். ஏஜென்ட் கொடுக்கக் கூடாது.

என்பிஎம்மில் 'இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்' செட்டிங்கைப் போட்டுவிட்டால் இன்ஸ்டால் சமயத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள் நின்றுவிடும். சில பேக்கேஜ்கள் முரண்டு பிடிக்கும், அவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஆனால் இதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். சாக் பேக்கேஜில் ஏறிய விஷம் ஸ்கிரிப்டில் இல்லை, கோடுக்குள்ளேயே இருந்தது. பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக்ஃபைலைக் களஞ்சியத்தில் சேர்த்துவையுங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' போடாமல் 'என்பிஎம் சிஐ' போடுங்கள். அது லாக்ஃபைலில் எழுதியிருக்கும் அதே பதிப்பை மட்டும்தான் எடுக்கும்.

ஏஜென்ட் ஒரு புதுப் பெயரைக் கேட்டால் நீங்களே கிடங்கில் போய்ப் பாருங்கள். எப்போது பதிந்தது, மூலக்கோடு எங்கே, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், அந்த மூலக் களஞ்சியத்தில் இந்தப் பேக்கேஜ் பெயர் உண்மையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். 'இது நல்ல பேக்கேஜா' என்று அதே ஏஜென்டிடம் கேட்டு அதன் பதிலை நம்புவது வீண். இன்னொன்று: ரீட்மீயில் எழுதியதையும், யாரோ போட்ட புகாரில் எழுதியதையும் ஏஜென்ட் படிக்கும். அங்கே ஒளித்துவைத்த ஒரு வரியை உங்கள் கட்டளை என்று எடுத்துக்கொண்டு இன்ஸ்டால் செய்துவிடவும் கூடும். வெளியிலிருந்து வந்த எதையும் படித்துக்கொண்டிருக்கும் ஏஜென்டுக்கு இன்ஸ்டால் உரிமையைத் தனியாக விட்டுவிடவே கூடாது.

விடுதி, ஹோம்ஸ்டே, எஸ்டேட் நடத்துகிறவர்களே, கோடு தெரியாது என்று ஒதுங்காதீர்கள். சைட் செய்து தருகிற பையனிடம், 'தம்பி, இதுல என்னென்ன பேக்கேஜ் போட்டிருக்கு, ஒரு லிஸ்ட் குடு. எல்லாத்தையும் நீ பார்த்துத்தான் சேர்த்தியா?' என்று கேளுங்கள். 'ஏஐயே பார்த்துக்கும்ணே' என்று பதில் வந்தால் பணத்தை நிறுத்திவையுங்கள். அந்த லிஸ்டுக்கு எஸ்பாம் என்று பெயர். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024லேயே அதற்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விருந்தினரின் தகவலுக்குப் பொறுப்பு அதை வாங்கியவருக்குத்தான். தகவலைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. சைட் செய்த பையனைக் கை காட்டித் தப்பிக்க முடியாது. ஆதார் நகலைத் தேவையில்லாமல் சைட்டில் சேமித்து வைக்காமலிருப்பது இன்றே செய்யக்கூடிய காரியம்.

கெட்ட பேக்கேஜ் புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், அந்தக் கணினியின் இணையத்தை உடனே துண்டியுங்கள். பேக்கேஜை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இன்ஸ்டால் ஆன நொடியிலேயே திருட்டு முடிந்திருக்கும். வேறொரு கணினியிலிருந்து உள்ளே போய், கிட்ஹப், என்பிஎம், கிளவுட் டோக்கன்களை எல்லாம் ரத்து செய்து புதிதாக எடுங்கள். உங்கள் கணக்கில் நீங்கள் திறக்காத களஞ்சியம் ஏதாவது முளைத்திருக்கிறதா பாருங்கள். கம்பெனி லேப்டாப் என்றால் பயந்துகொண்டு மறைக்காமல் அந்த நிமிடமே மேலே சொல்லுங்கள். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள்.